மாதச் சந்தா இல்லாமல் ஆல்பம் வேலை: போட்டோஷாப்புக்குப் பதில் எது?

காவேரிப்பட்டணம்_கேமரா:
வணக்கம். சின்ன ஸ்டுடியோ. சிஸ்டம் ஐ3, 8 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கேமரா கேனான் 1500டி. கல்யாண ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் பதியும் ஃபைல்) கலர், 12x36 இன்ச் ஆல்பம் ஷீட் (டெம்ப்ளேட் எல்லாம் போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல்), பாஸ்போர்ட் சைஸ், இவ்வளவுதான் வேலை. முகூர்த்தமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் சந்தா கட்டுவது கையைக் கடிக்கிறது. இலவசமாகவோ, ஒரே தடவை காசு கொடுத்தோ எது தேறும்? ஆல்பத்தில் தமிழ்ப் பெயரும் வரவேண்டும்.

தொப்பூர்_கணவாய்:
எல்லாவற்றையும் ஒரே சாஃப்ட்வேரில் தேடாதீங்க, அமையாது. ராவுக்கு டார்க்டேபிள், இலவசம். திறந்ததும் படம் சப்பென்று தெரியும். கேமராவின் பிக்சர் ஸ்டைலை அது எடுத்துக்கொள்ளாது, அதனால்தான். எக்ஸ்போஷரில் முகத்துக்கு வெளிச்சம் வைத்துவிட்டு நிறச் சாயலைச் சரிசெய்யும் கலர் கேலிப்ரேஷனுக்குப் போங்க. பழக்க தோஷத்தில் ஒயிட் பேலன்ஸ் மாட்யூலையும் திருகினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும், நலங்கு வைக்காமலே பொண்ணு முகம் மஞ்சளாகும். ஒயிட் பேலன்ஸை கேமரா ரெஃபரன்ஸிலேயே விட்டுவிடுங்க.

ஒரு படம் சரியானதும் லைட்டேபிளில் (எல்லாப் படங்களையும் வரிசையாகக் காட்டும் பக்கம்) கன்ட்ரோல் சி, அதே வெளிச்சத்தில் எடுத்ததை எல்லாம் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் வி. டீநாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரிவதை நீக்குவது) தேவைப்படும் படத்துக்கு மட்டும் போடுங்க, கார்டு இல்லாத சிஸ்டத்தை இழுத்து நிறுத்துவது அதுதான். எக்ஸ்போர்ட் எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பில். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பி, லேப்காரர் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டால் அரக்குப் பட்டு வெளுத்து வரும்.

அரூர்_பிரிண்ட்:
பிஎஸ்டிக்கு போட்டோபீ. பிரவுசரிலேயே ஓடும், ஃபைல் உங்கள் சிஸ்டத்தை விட்டு வெளியே போகாது, டெம்ப்ளேட்டில் படம் வைக்கும் கட்டங்களான ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், கிளிப்பிங் மாஸ்க் எல்லாம் திறக்கும். மெமரிதான் சிக்கல். 300 பிபிஐயில் (இன்ச்சுக்கு 300 பிக்சல்) 12x36 என்றால் 3600x10800 பிக்சல். ஷீட் முழுக்க நிற்கும் லேயர் (அடுக்கு) ஒன்றுக்கே சுமார் 155 எம்பி. பத்து லேயர் போனால் ஒன்றரை ஜிபி. ஒரு நேரத்தில் ஒரே ஷீட் திறங்க, மற்ற டேப் எல்லாம் மூடிடுங்க.

பெரிய ஷீட்டுக்கு அஃபினிட்டி என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் தோதுப்படும். 2025 அக்டோபரிலிருந்து இலவசம், கேன்வா அக்கவுன்ட் போதும். ஏஐ வசதிக்கு மட்டும் காசு. ஆனால் தமிழ் டைப் பண்ணிச் சோதிக்காமல் இறங்காதீங்க. இரண்டாம் பதிப்பு வரை யூனிகோடு தமிழ் அதில் ஒழுங்காகச் சேராது. 'சௌபாக்கியவதி' அடித்துப் பாருங்க: கொம்பு 'ச'வுக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றால் வேலைக்கு ஆகாது. அப்போது பெயரை மட்டும் ஜிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கொண்டுவந்து வையுங்க. பாமினி மாதிரி பழைய எழுத்துரு எதிலும் ஓடும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதானே.

அடோபியின் போட்டோஷாப் எலிமென்ட்ஸை 'ஒரே தடவை' என்று நம்பி வாங்காதீங்க. 2025 பதிப்பில் லைசென்ஸ் 3 வருடம்தான்.

காவேரிப்பட்டணம்_கேமரா:
நன்றி அண்ணா. பாஸ்போர்ட் சைஸும் ஜிம்ப்பில் ஆகுமா? அடோபி சந்தாவில் லைட்ரூம் கிளாசிக்கில் (ரா கலர் சாஃப்ட்வேர்) செய்து வைத்த பழைய கல்யாணங்கள் என்ன ஆகும்?

அரூர்_பிரிண்ட்:
ஆகும் தம்பி. 35:45 விகிதத்தில் கிராப், ஸ்கேல் இமேஜில் 413x531, ரெசல்யூஷன் 300. கேன்வாஸ் சைஸை 450x600 ஆக்கி, படத்தை நடுவில் வைத்து, வெள்ளைப் பின்னணியில் ஃப்ளாட்டன். அப்புறம் ஃபில்டர்ஸ் மெனுவில் மேப், அதில் டைல் (ஒரே படத்தை அடுக்கி நிரப்புவது): அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலி ஐகானைக் கழற்றிவிட்டு 1800x1200 கொடுத்தால் 4x6 தாளில் எட்டு படம் கச்சிதமாக உட்காரும். பார்டர்லெஸ் பிரிண்டில் டிரைவரே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும். அந்தப் பெரிதாக்கும் அளவை (எக்ஸ்பான்ஷன்) குறைத்து, முதல் தாளை அடிக்கோல் வைத்து அளந்துவிட்டு மற்றதை அடிங்க.

தொப்பூர்_கணவாய்:
சந்தா முடிந்தாலும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும். திருத்தம் செய்யும் டெவலப் பக்கம் பூட்டிக்கொள்ளும், எக்ஸ்போர்ட் ஆகும். பழைய ஸ்லைடர் மாற்றம் டார்க்டேபிளுக்கு அப்படியே வராது. மறுபடி ஆர்டர் வரக்கூடிய கல்யாணங்களை தரம் குறையாத 16 பிட் டிஃப் ஃபைலாக எடுத்து வையுங்க. ஹார்டு டிஸ்க் நிறையும், மற்றதற்கு முழு சைஸ் ஜேபெக் போதும்.