பொகாஷி: நிறத்தேய்வா, நிறமெலிவா?

அன்பர்களுக்கு வணக்கம்.
ஜப்பானிய மரப்பலகை அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் நிலக்காட்சிகளில் வானத்தின் மேல்விளிம்பில் கருநீலமாகத் தொடங்கி, கீழிறங்க இறங்க வெளிறிப்போகும் பட்டை இருக்கிறதல்லவா, அந்த 'பொகாஷி'க்கு 'நிறத்தேய்வு' என முன்மொழிகிறேன். தேய்பிறை நாமறிந்ததே. கணினிக்காரர்களின் 'நிறச்சாய்வு' இங்கே ஒட்டாது.

*

ஐயா, தேய்பிறை அழகுதான். ஆனால் மரப்பலகை அச்சில் 'தேய்' என்ற வினைக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. தாளின் முதுகில் 'பாரென்' வட்டையால் தேய்த்துத்தான் அச்சே எடுக்கிறார்கள். பலகை பழசானால் வருவது தேய்மானம். "தேய்வு சரியில்லை, இன்னும் தேய்" என்றால் கற்றுக்கொள்பவர் குழம்பிப்போவார்.

செய்முறையைப் பாருங்கள். நிறம் மெலிய வேண்டிய இடத்தை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். அடர்ந்த விளிம்பில் நிறமியும் சிறிது அரிசிப்பசையும் வைத்து, தூரிகையை விளிம்புக்கு இணையாகவே இழுக்கிறார்கள். நீர் கூடினால் நிறமி ஓடித் திட்டாகும். குறைந்தால் மெலிவு முடியுமிடத்தில் வெட்டினாற்போல் கோடு விழும். பசையும் அழுத்தமும் போதாவிட்டால் எள் தூவியதுபோல் புள்ளி தெரியும். அவர்களே அதை 'எள் அச்சு' என்கிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் இத்தனையும் மறுபடி. ஆழ்நிறம் வேண்டுமானால் அதே தாளை இரண்டு மூன்று முறை அச்சிட வேண்டும்.

நீரில் மெலிவதால் 'நிறமெலிவு' என்பேன். வகைகளும் எளிதில் அமையும்: துடைத்துச் செய்யும் 'ஃபுகி' துடைமெலிவு, பலகை விளிம்பைச் சரிவாகச் செதுக்கும் 'இத்தா' செதுக்குமெலிவு, வான்விளிம்பின் நேர்பட்டையான 'இச்சிமோஞ்ஜி' பட்டைமெலிவு.

*

ஏற்கிறேன். 'ஆத்தெநாஷி' என்ற வகை விடுபட்டுவிட்டது. 1857-இல் வந்த ஹிரோஷிகேயின் ஓஹாஷிப் பாலத்துத் திடீர் மழைப் படத்தில் மேலே இருக்கும் கருமேகத்துக்குப் பலகையில் எல்லைக்கோடு செதுக்கியிருக்காது. உருவம் அச்சிடுபவர் கையில்தான். அதனால் படிக்குப் படி மேகம் மாறும். இதற்குக் 'கைப்போக்கு மெலிவு' சரியாக வரும்.

ஓர் ஐயம்: அருங்காட்சியகப் பட்டியலில் 'நிறமெலிவு' என்றால் வெளிச்சம் பட்டு நிறம் போனதாக நினைப்பார்களே? குசும்பாப்பூச் சிவப்பு அப்படிப் போகக்கூடியதுதான்.

*

அதற்கு 'வெளிறல்' என்று தனியே வைப்போம். பிற்காலப் படிகளில் செலவைக் குறைக்க மெலிவையே விட்டுவிட்டு ஒரே நிறமாக அடித்ததும் உண்டு. பட்டியலிடுபவர் 'மெலிவு இல்லை', 'வெளிறியது' இரண்டையும் பிரித்து எழுதினால்தான் முற்படியா பிற்படியா என்று பார்க்க உதவும்.