விடுதிக் காப்பாளர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சி: எதைச் சொல்லித்தருவது?

கேள்வி: கல்லூரி விடுதிக் காப்பாளர்கள் 20 பேருக்கு ஒருநாள் பயிற்சி தரணும். மனநோய்களின் பட்டியலை விளக்கினால் போதுமா?

பதில் 1: வேண்டாங்க. நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை. காப்பாளர் பார்க்க வேண்டியது மாற்றத்தை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெடுவது, வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடப்பது, ஆசையாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது. கடைசியது தற்கொலை எண்ணத்தின் அடையாளமாக இருக்கலாம்; தெரிந்தால் அன்றைக்கே பேசணும்.

பதில் 2: பாதி நேரத்தை நடித்துப் பழக ஒதுக்குங்க. மூன்று மூன்று பேராக: மாணவர், காப்பாளர், கவனிப்பவர். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இரண்டாவது நிமிடமே "இதெல்லாம் ஒரு விஷயமா, தைரியமா இரு" என்று அறிவுரை வரும், மாணவர் வாயை மூடிக்கொள்வார். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகணும். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது.

பதில் 3: அந்தக் கேள்விக்கு மாணவர் "ஆமாம்" என்றால் அடுத்து என்ன? அதை நிர்வாகத்தோடு பேசி முடிவுசெய்த பிறகே பயிற்சியை வைங்க. மாணவரைத் தனியே விடக்கூடாது. மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் இரவிலும் எடுப்பார்கள். எப்படி, எப்போது என்று திட்டமே வைத்திருந்தால் நேராக அவசரப் பிரிவு. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீங்க.