குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) இலை கோணுது: தேமலா, மாவுப்பூச்சியா?

கேள்வி (ராசிபுரம் பக்கம்)
226 ரகம், ஒன்றரை ஏக்கர், நட்டு 45 நாள் ஆகுதுங்க. இடைவெளி 75-க்கு 75 செ.மீ. நாலில் ஒரு பங்கு செடியில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக, கோணலாக இருக்கு. வரப்போரச் செடிகளில் மட்டும் நுனி கொத்தாகச் சுருங்கி நிக்குது. கடையில் ரெண்டுக்கும் ஒரே மருந்து தர்றாங்க. அடிக்கலாமா?

பதில் 1
அடிக்காதீங்க. ரெண்டும் வேற வேற. மஞ்சள் திட்டு தேமல். அது வைரஸ், எந்த மருந்தும் அதைக் குணமாக்காது. முதலில் அடி இலையைப் பாருங்க. குச்சியிலிருந்து முதலில் வந்த இலையிலேயே திட்டு இருந்தால், நோய் விதைக்குச்சியோடு வந்தது. அடி இலை சுத்தமாக இருந்து மேல் இலையில் மட்டும் தெரிந்தால், வெள்ளை ஈ பரப்பியது. பின்னது கிழங்கை அவ்வளவாகப் பாதிக்காது. குச்சியோடு வந்ததுதான் எடையைக் குறைக்கும்.

வரப்போரம் இருப்பது மாவுப்பூச்சி. கொத்தைப் பிரித்தால் வெள்ளை மாவும் இளஞ்சிவப்புப் பூச்சியும் தெரியும், கணு இடைவெளியும் குறுகியிருக்கும். அந்த நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டு எரியுங்க. வாய்க்காலில் வீசினால் தண்ணியோடு பரவும். பிறகு வேம்பு மருந்தான அசாடிராக்டின் 1500 பிபிஎம், லிட்டருக்கு 5 மி.லி., ஒட்டும் திரவம் சேர்த்து, நுனியும் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிங்க.

பதில் 2 (ஆத்தூர்)
மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்கும் முன்னாடி ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுண்ணிக் குளவி கிடைக்குமான்னு விசாரிங்க. அனகைரஸ் லோபெசி என்ற இந்தக் குளவிதான் 1980-களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கியது. நம்ம நாட்டில் 2022-இல் விட ஆரம்பிச்சாங்க. குளவி விட்ட வயலில் பூச்சிமருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

கேட்டவர்
அடி இலையிலேயே திட்டு இருக்குங்க. அப்போ தேமல் செடியெல்லாம் பிடுங்கிடட்டுமா?

பதில் 1
ஆமாங்க, பிடுங்கிடுங்க. விட்டால் வெள்ளை ஈ மத்த செடிக்கும் கொண்டுபோகும்.

பதில் 3
இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றரை ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 10,800 செடி. நாலில் ஒண்ணு என்றால் 2,700 குழி காலியாகும். நட்டு 20 நாளுக்குள் என்றால் காலியான குழியில் திரும்ப நடலாம். 45 நாளில் நட்டால் பக்கத்துச் செடியின் நிழலில் எழும்பாது. வளர்ச்சி நின்று குட்டையானதை மட்டும் எடுங்க. எடுத்ததை ஆட்டுக்குப் போடாதீங்க, இலையில் சயனைடு நச்சு உண்டு. மத்ததைக் கிழங்குக்கு விடுங்க, அதிலிருந்து விதைக்குச்சி மட்டும் எடுக்கவே கூடாது.

அடுத்த நடவுக்கு வேலை இப்பவே ஆரம்பிக்கணும். பயிருக்கு மூணு நாலு மாசம் ஆகும்போது சுத்தமான செடிகளுக்குத் துணி கட்டி வையுங்க. அறுவடை சமயத்தில் இலை உதிர்ந்திருக்கும், எது நோய்ச் செடின்னு தெரியாது. நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். நுனியும் அடிமரமும் தள்ளி, நடுத்தண்டில் 15 செ.மீ., 8–10 கணு வருமாறு வெட்டுங்க. பூஞ்சை மருந்தான கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம் கரைசலில் 15 நிமிஷம் ஊறவைப்பது அழுகலுக்குத்தான், தேமலுக்கு இல்லை. தேமலுக்கு நாற்றங்கால் வழி நல்லது: 5 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நட்டு, திட்டு தெரிந்ததை அவ்வப்போது பிடுங்கி, 3–4 வாரத்தில் சுத்தமானதை மட்டும் வயலுக்கு மாத்துங்க.

226-க்குத் தேமல் சீக்கிரம் வரும். ஜவ்வரிசி ஆலையில் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) பிடிக்குதேன்னு அதையே நடுறோம். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீ ரக்ஷா தேமலைத் தாங்கும். ஒரு கால் ஏக்கரில் நட்டுப் பாருங்க.