சித்தியின் ரோசிக்கு 68,000 ரூபாய்: நான் கட்டலாமா?

அயனாவரத்தான்:
நாளைக் காலைக்குள் முடிவெடுக்க வேண்டும், அதனால் நேராகவே கேட்கிறேன். சித்திக்கு 67 வயது. சித்தப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இருந்தவர், அவர் தவறி ஆறு வருடமாகிறது. குடும்ப பென்ஷனில் சித்தி தனியாக இருக்கிறார், துணைக்கு ரோசி. 11 வயது வெள்ளை ஸ்பிட்ஸ் நாய் (தெருவில் எல்லோருக்கும் அது பொமரேனியன்தான்). நாலு நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது, வயிறும் உப்பிவிட்டது. அண்ணா நகர் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் சீழ், பயோமெட்ரா, உடனே ஆபரேஷன் என்கிறார்கள். ஆபரேஷனுக்கு 28,000, மூன்று நாள் ஐ.சி.யு. 24,000, டெஸ்டும் மருந்தும் 16,000.

சித்தி என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த இரண்டு வளையலைக் காட்டி, "காலையில பேங்க் திறந்ததும் வைக்கணும், கூட வாடா" என்றார், அவ்வளவுதான். அவர் பையன், எனக்குத் தம்பி முறை, பெங்களூரிலிருந்து போன் பண்ணி, "அண்ணா, நீ குடுத்துடாதே, குடுத்தா அடுத்த தடவையும் உன் தலையிலதான் விடியும்" என்கிறான். எனக்கும் மாதக் கடைசியில் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் 42,000 இருக்கிறது. ஆனால் காலேஜ் படித்த மூன்று வருடமும் நான் சாப்பிட்டது சித்தி வீட்டுச் சாப்பாடு.

கறார்கணக்கு:
கேட்காத பணத்தை எதற்குத் தூக்கிக் கொடுக்கிறீர்கள்? 11 வயது நாய். பிழைத்தாலும் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும், அதற்குள் பல், கண், இதயம் என்று வரிசையாக வரும். வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பி வைப்பதும் ஒரு கருணைதான், அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை. உங்கள் தம்பி கல்நெஞ்சக்காரன் இல்லை, விவரமானவன்.

ரெண்டுநாய்வீடு:
புற்றுநோய் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்றால் நானே ஊசி போடத்தான் சொல்வேன். இது அப்படியில்லையே சார். கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய்களுக்கு ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் வருகிற பிரச்சினை இது. கர்ப்பப்பையையும் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் நோய்க்கே இடமில்லை, நேரத்தோடு செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எங்கள் வீட்டு டாலிக்கு அப்படித்தான் ஒரு மாதம் இழுத்து, திரும்பி வந்து, கடைசியில் அதே ஆபரேஷன்தான்.

அயனாவரத்தான், இப்போதே இரண்டு விஷயம் கேளுங்கள். சீழ் வெளியே வடிகிறதா, உள்ளேயே அடைத்துக்கொண்டதா? அடைத்திருந்தால் ஆபத்து அதிகம், ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. அடுத்தது, ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு? கிட்னி அடிவாங்கியிருந்தால் கணக்கே வேறு. இது தெரியாமல் இங்கே கொடு, கொடுக்காதே என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

கறார்கணக்கு:
சரி, நீங்களே சொல்லிவிட்டீர்கள், கருத்தடை செய்யாததால் வந்தது. அதை அஞ்சாறு வருடம் முன்பே செய்திருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். அன்றைக்கு விட்டதற்கு இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனின் ஃபீஸ் போக வேண்டுமா?

நங்கநல்லூர்_மாமி:
அந்தக் காலத்தில் எங்களுக்கு யாரப்பா இதையெல்லாம் சொன்னது? "ஒரு ஈத்தாவது போடட்டும், பாவம்" என்றுதான் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் தம்பி, முழுப் பணத்தையும் நீயே கட்டிவிட்டு வளையலைத் திருப்பிக் கையில் கொடுக்காதே. அவள் நாய், அவள் நகை, அவள் முடிவு. அடகு வைப்பது ஒன்றும் மானக்கேடு இல்லை, நான் வைக்காத நகையா. நீ கூடப் போய் நில், அதுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

ரெண்டுநாய்வீடு:
மாமி, பென்ஷனில் வட்டி கட்டி எப்போது மீட்பது? இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

கறார்கணக்கு:
என் கதையைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள். சொந்தத்தில் ஒருவர் லாப்ரடாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று 40,000 வாங்கினார், "தீபாவளிக்குத் தந்துடறேன்" என்றார். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை. இன்று கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் பந்தியை மாற்றி உட்காருகிறார். பணமும் போச்சு, மனுஷனும் போச்சு, நாய் மட்டும் ஜோராக ஓடுகிறது. அதனால் கொடுப்பதென்றால் கடன் என்ற பேச்சே கூடாது. எவ்வளவு போனாலும் தூக்கம் வருமோ அந்தத் தொகையை கிளினிக் கவுன்ட்டரில் நேரடியாகக் கட்டுங்கள். அதற்கு முன் வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். 1903இல் தொடங்கிய கல்லூரி, எத்தனையோ நாய்களைப் பார்த்த இடம், செலவும் தனியாரைப் போல வராது. அயனாவரத்திலிருந்து புரசைவாக்கம் தாண்டினால் வந்துவிடும்.

புது_உறுப்பினர்:
பெட் இன்சூரன்ஸ் எடுக்கலாமே?

ரெண்டுநாய்வீடு:
வந்துவிட்ட நோய்க்கு எவன் கொடுப்பான் அய்யா.

அயனாவரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. சீழ் உள்ளேயே அடைத்திருந்தது. கிரியாட்டினின் கொஞ்சம்தான் கூடியிருந்தது. ட்ரிப்ஸோடு வண்டியில் ஏற்றி இடம் மாற்ற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் வேப்பேரி போகவில்லை. ஆனால் எஸ்டிமேட்டை வரி வரியாகக் கேட்டேன். ஐ.சி.யு. ஒரு நாள் போதும், பிறகு தினமும் கூட்டி வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம், சில மருந்துகளை வெளியே வாங்கலாம் என்றார்கள். 68,000 என்பது 47,000 ஆனது. 20,000 நான் கவுன்ட்டரில் கட்டினேன். மீதிக்கு ஒரு வளையல்தான் பேங்கிற்குப் போனது.

கறார்கணக்கு:
அந்த 27,000க்கு வட்டி யார் கட்டுவது? உங்கள் தம்பி ஏதாவது கொடுத்தானா? இதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. இருக்கட்டும், நாய் எழுந்து நின்றதா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

அயனாவரத்தான்:
தம்பி இன்னும் போனே எடுக்கவில்லை. ரோசி நேற்று மாலை எழுந்துவிட்டது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருக்கிறார்கள், கதவு, கட்டில் கால் என்று எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு நடக்கிறது. சித்தி பால் கணக்கு எழுதும் காலண்டரில் என் பெயரைப் போட்டு 20,000 என்று எழுதி வைத்திருக்கிறார். அழித்துவிடுங்கள் சித்தி என்று சொன்னதற்கு, காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.