வேர் சிகிச்சை செய்த பல்லில் வீக்கம்: பிடுங்கிவிடலாமா?

கேள்வி (நீடாமங்கலம்):
வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குச் செவ்வாய்க்கிழமை மன்னார்குடியில் வேர் சிகிச்சை தொடங்கினார்கள். அதற்கு முன் வலியே இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனி கறுத்திருக்கிறது என்றார்கள். அன்று இரவே வலி பிடித்துக்கொண்டது. வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது. மோர்சாதத்தைக்கூட மெல்ல முடியவில்லை. இன்று காலை கன்னமும் வீங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுக்கிறார். திங்கட்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறார்கள். நாளையோ குறுவை அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. சிகிச்சையே தவறிவிட்டதா? பிடுங்கிவிடலாமா?

பதில் (கும்பகோணம், பல் மருத்துவர்):
பிடுங்க வேண்டாம், தம்பி. உள்ளே நரம்பு செத்துப்போன பல்லில் இப்படிக் கிளம்புவது உண்டு. சுத்தம் செய்யும்போது கிருமியும் கழிவும் துளியளவு வேர் நுனியைத் தாண்டினாலே சுற்றியுள்ள சதை வீங்கிவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணியும். ஆனால் பல் இடிக்கிறது என்கிறீர்களே, நானாக இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். தற்காலிக அடைப்பு உயர்ந்திருந்தால் ராவிவிடலாம். சீழ் கட்டியிருந்தால் திறந்து வடிக்கலாம். திங்கள்வரை காத்திருக்காமல் இன்றே அவரிடம் போங்கள்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இல்லையென்றால், இரத்தம் உறையாதிருக்க மாத்திரையும் சாப்பிடவில்லையென்றால், சாப்பாட்டுக்குப் பின் இபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் கேட்கும். ஒத்தடத்தை நிறுத்திவிட்டுத் துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். இந்த வலியை அது குறைக்காது.

பதில் (திருத்துறைப்பூண்டி):
என் கணவரும் அறுவடையைச் சொல்லித்தான் நான்கு நாள் கடத்தினார். ஐந்தாம் நாள் தாடைக்கு அடியில் கல்லாக இறுகி, நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். இரவோடு இரவாகத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். கழுத்தில் கீறி வடித்தார்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வயலில் வேறு ஆளை நிறுத்தலாம், தம்பி.

கேட்டவர், மறுநாள்:
மைத்துனரிடம் வயலை ஒப்படைத்துவிட்டு நேற்று மாலையே பஸ் ஏறினேன், அக்கா. மருத்துவர் ஒரு நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். அந்தப் பல்லில் மட்டும் அழுத்தமாக ஒரு புள்ளி விழுந்தது. அதை ராவினார். அடைப்பைத் திறந்ததும் மஞ்சளாகச் சீழ் வடிந்தது. கன்னம் இன்னும் வற்றவில்லை. ஆனால் இரவு தூங்கினேன். ஐயாவுக்கு நன்றி.