கழுத்து, தோள் வலி: உட்காரும் விதத்தை மாற்றிப் பலன் கண்டவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாள் முழுக்க லேப்டாப்பில் வேலை. சாயங்காலம் ஆனால் பின்கழுத்தில் ஆரம்பிக்கும் இழுப்பு வலது தோள்பட்டை வரை இறங்குகிறது. கை மரத்துப்போவதோ விரல்களில் பலம் குறைவதோ இல்லை. அப்படி இருந்தால் நேராக டாக்டரிடம்தான் போயிருப்பேன்.

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. அது முன்னால் நீள நீள, பிடித்து நிறுத்தும் பின்கழுத்துத் தசைகளுக்குச் சுமை கூடிக்கொண்டே போகிறது. லேப்டாப்பில் சிக்கலே இதுதான்: திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் கீபோர்டும் கூடவே மேலே போய், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறிவிடுகின்றன. அதனால் தனி கீபோர்டும் மவுஸும் வாங்கி, முழங்கை 90 டிகிரி அளவில் மடங்கி உடம்பை ஒட்டி இருக்கும்படி அமைத்துவிட்டேன். பாதமும் தரையில் முழுசாகப் படிகிறது.

இருந்தும் வேலையில் மூழ்கினால் தாடை தானாக முன்னே போய்விடுகிறது. விறைப்பாக நிமிர்ந்தே இருந்தாலோ நடுமுதுகு வலிக்கிறது. எவ்வளவு நல்ல நிலையானாலும் அசையாமல் இருப்பது கெடுதல்தானே, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன்.

தாடையைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சி யாருக்காவது பலன் தந்ததா? எத்தனை வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது? இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு வைப்பவர்கள், சரியாக எந்த இடத்தில் வைக்கிறீர்கள்? ஒருக்களித்துப் படுப்பவர்கள் தலையணை உயரத்தையும் சொல்லுங்கள், காலையிலேயே கழுத்து பிடித்திருக்கும் நாட்களும் உண்டு. குழுவில் பிசியோதெரபிஸ்ட் யாராவது இருந்தால் அவசியம் பதில் எழுதுங்கள்.