தலூத்–தப்லேரோ: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். மெக்சிகோவின் பழைய நகரான தியோத்திவாக்கன் பற்றிய கட்டுரையில் ஒரு சொல் இடிக்கிறது. அங்கே மேடையின் ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு பகுதி: கீழே உட்புறம் சாய்ந்த சுவர், அது தலூத். அதன்மேல் செங்குத்தாக, சுற்றிலும் சட்டம் வைத்து, சற்றே துருத்தி நிற்பது தப்லேரோ. ‘சாய்தளம்–பலகை’ சரிவருமா?

---

> சாய்தளம்–பலகை

இரண்டும் வேண்டாம். சாய்தளம் ஏற்கெனவே இயற்பியலுக்குப் போய்விட்டது. தப்லேரோவுக்கு ஸ்பானியத்தில் பலகை என்றுதான் பொருள். ஆனால் இக்கட்டுமானத்தில் உண்மையான கற்பலகைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. தலூத்தின் மேல்விளிம்பில் தட்டைக்கற்களைச் செருகி வெளியே நீட்டுவார்கள். சட்டத்தின் பாரம் அவற்றின்மேல்தான். பிறகு எரிமலைக்கல் சல்லி கலந்த காரை, அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, வண்ணம். தாங்குகல் முறிந்தால் சட்டம் விழும், சாய்ந்த பகுதி நிற்கும். ஆகவே பலகையைத் தாங்குகல்லுக்கு விட்டுவிட்டு, ‘சாய்சுவர்–சட்டச்சுவர்’ என்னலாம்.

---

நம் கோயில் அதிட்டானத்தில் (அடிமேடையில்) ‘பட்டிகை’ இருக்கிறதே, அதை எடுத்தாலென்ன?

---

பட்டிகை கிடைவரி, இங்கே சட்டம் நான்கு பக்கமும் சுற்றி வருகிறது. தவிர, மெக்சிகோவின் இன்னொரு பழைய நகரான மோந்தே அல்பானில் சட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் இல்லை. அதை ‘அடிதிறந்த சட்டச்சுவர்’ என்று எளிதாகச் சொல்லலாம். பட்டிகையை வைத்துக்கொண்டு அப்படி நீட்ட முடியாது.

---

சொல் சரி. படத்துக்குச் சூரியப் பிரமிடைப் போடாதீர்கள். அதன் பெரிய முகங்கள் வெறும் சரிவுகள். போதாததற்கு 1905–10இல் லெயோபோல்தோ பாத்ரேஸ் தோண்டியபோது வெளியடுக்கையே உரித்துவிட்டார். கி.பி. 200 அளவில் எழுந்த இறகுப் பாம்புப் பிரமிடுதான் பொருத்தம்: சட்டச்சுவரிலிருந்து பாம்புத்தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

‘ஆஸ்டெக் பாணி’ என்பதையும் நீக்குங்கள். ஆஸ்டெக்குகள் வந்தபோது நகரம் பாழாகிப் பல நூற்றாண்டு ஆகியிருந்தது. தேவர்கள் அங்கே கூடி, தெக்சிஸ்தெகாட்டில் தயங்கி நிற்க, புண்பட்ட உடம்போடு நனவாட்சின் முதலில் தீயில் பாய்ந்து சூரியனானான் என்பது அவர்கள் சொன்ன கதை. ஊர்ப்பெயரும் அவர்கள் நாவாட்டில் மொழியில் இட்டது. இந்தப் பாணியைத் தியோத்திவாக்கன் கண்டுபிடித்ததாகவும் எழுத வேண்டாம். புவெப்லா பகுதியின் தலாலன்கலெகாவில் அதற்கு முன்பே உண்டு.

---

திருத்திவிட்டேன். தலைச்சொல் ‘சாய்சுவர்–சட்டச்சுவர்’, முதல் இடத்தில் மட்டும் தலூத்–தப்லேரோ அடைப்புக்குறிக்குள் வரும். சட்டம் என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறவர்கள் வீட்டுச் சன்னலை ஒருமுறை பார்க்கவும்.